ஒரே அடுப்பு, ஆளுக்கொரு குளிர்: விறகுக் கணப்போடு வாழப் புதிதாக வருபவர்களுக்கு

விறகுக் கணப்படுப்பு உள்ள வீட்டில் முதல் குளிர்காலத்தைக் கழிக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சுவரில் இருக்கும் பொத்தானைத் திருகி 21 டிகிரி என்று வைத்துப் பழகியவர்களுக்கு இந்த அடுப்பு முதலில் தடுமாற்றம் தரும். இதில் எண்ணே கிடையாது. போட்ட விறகு தீரும்வரை எரியும். அடுப்பு இருக்கும் அறை தகிக்கும், நடைக்கு அப்பால் உள்ள படுக்கையறை சில்லென்று கிடக்கும். அதற்குள் வீட்டில் ஒருவர் ஜன்னலைத் திறந்திருப்பார், இன்னொருவர் கம்பளியைப் போர்த்தியிருப்பார்.

எங்கள் வீட்டில் முதல் வருடம் இது தினசரித் தகராறு. என் கணவருக்கு 19 டிகிரி தாண்டினால் வேர்க்கும். அம்மாவுக்கு 24 இருந்தாலும் கால் விறைக்கும். சமாதானத்துக்காக நான் அடுப்பின் காற்றுத் திறப்பை இறுக மூடித் தீயை அடக்கிவைத்தேன். மூன்று மாதம் அப்படியே ஓடியது. புகைபோக்கியைச் சுத்தம் செய்ய வந்தவர் உள்ளிருந்து சுரண்டி எடுத்ததை வாளியில் காட்டினார். கறுப்பாக, கண்ணாடி போலப் பளபளக்கும் தார். அது ஒரு நாள் தீப்பிடித்திருந்தால் புகைபோக்கிக்குள் வெப்பம் 1000 டிகிரியைத் தாண்டியிருக்கும், கூரையும் போயிருக்கும்.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் யாருக்கு எவ்வளவு சூடு என்ற தகராறைக் காற்றை மூடித் தீர்க்காதீர்கள். தீ எப்போதும் சுடர்விட்டு எரியட்டும். குறைக்க வேண்டுமானால் விறகைக் குறையுங்கள். மிச்சத்தை உட்காரும் இடம், உடுப்பு, கதவு இவற்றால் சரிக்கட்டலாம்.

அடக்கிய தீ ஏன் ஆபத்து

விறகு நேரடியாக எரிவதில்லை. முதலில் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகிறது. பிறகு கட்டை சூடாகிப் புகையாகப் பிரிகிறது. அந்தப் புகைதான் சுடராக எரிகிறது. கடைசியில் மிஞ்சும் கரி, தணலாக மெல்ல எரிகிறது. விறகின் ஆற்றலில் பாதிக்கு மேல் அந்த நடுக்கட்டப் புகையில் இருக்கிறது. அது முழுதாக எரிய ஏறக்குறைய 600 டிகிரி வெப்பமும் போதிய காற்றும் வேண்டும். காற்றை மூடினால் இரண்டும் கிடைக்காது. எரியாத புகை மேலே போகும். புகைபோக்கியின் உள்பக்கம் 120 டிகிரிக்குக் கீழே இறங்கியிருந்தால் அங்கேயே குளிர்ந்து தாராகப் படியும். கிரியோசோட் என்பது இதுதான். காசு கொடுத்து வாங்கிய விறகின் பாதிச் சூடு சுவரில் ஒட்டிக்கொண்டு, பிறகு அதுவே தீப்பிடிக்கக் காத்திருக்கிறது. வெளியே போகும் பகுதி அக்கம்பக்கத்தார் மூச்சில் கலக்கிறது.

விறகு

நல்ல தீக்கு முக்கால் பங்கு வேலை விறகு அடுப்புக்கு வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அன்று வெட்டிய மரத்தில் எடையில் பாதி வரை தண்ணீராக இருக்கலாம். எரிக்க ஏற்ற விறகில் 20 சதவீதத்துக்கும் குறைவு. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே 2.26 மெகாஜூல் போய்விடும், அந்தச் செலவெல்லாம் உங்கள் அறைக்கு வர வேண்டிய சூட்டிலிருந்துதான்.

பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்று ஓடும்படி தரையிலிருந்து தூக்கி அடுக்குங்கள். பைன் போன்ற மென்மரம் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் காய்ந்துவிடும். ஓக் போன்ற கடினமரத்துக்கு இரண்டு வருடம்கூட ஆகும். "காய்ந்த விறகு" என்று விற்கிறவர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். ஊசி முனை கொண்ட சிறிய ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கட்டையின் வெளிப்பக்கத்தில் குத்தினால் பொய்க்கணக்குக் காட்டும். அப்போதே பிளந்து, உள்முகத்தில் நடுவில் குத்திப் பாருங்கள். மீட்டர் இல்லாதவர்கள் இரண்டு கட்டைகளை மோதிப் பார்க்கலாம். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது மொத்தென்று இருக்கும்.

எந்த மரம் நல்லது என்று எல்லோரும் கேட்கிறார்கள். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் மரங்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. கடினமரம் அடர்த்தி கூடியது, ஒரு முறை அடுக்கினால் நீண்ட நேரம் தணலாக நிற்கும். மென்மரம் சட்டென்று பற்றி, சட்டென்று முடியும். வீட்டில் இரண்டும் இருந்தால் சூட்டை இயக்க உங்களுக்கு இரண்டு கருவிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை நாள் குளிருக்கு மென்மரம், நீண்ட இரவுக்குக் கடினமரம்.

பெயின்ட் அடித்த பலகை, ஒட்டுப்பலகை, மருந்து ஏற்றிய மரம், கடலில் ஊறி ஒதுங்கிய கட்டை, பிளாஸ்டிக் எதையும் அடுப்பில் போடக் கூடாது. நச்சுப் புகை ஒரு பக்கம், அடுப்பின் இரும்பை அரிப்பது இன்னொரு பக்கம்.

பற்றவைப்பது

சின்ன சுள்ளியைக் கீழே வைத்து, பெரிய கட்டையை மேலே அடுக்கிப் பற்றவைப்பதுதான் நமக்குப் பழக்கம். மூடிய கணப்படுப்பில் அதைத் தலைகீழாகச் செய்து பாருங்கள். கீழே இரண்டு மூன்று பெரிய பிளவுகள், அதன்மேல் நடுத்தரம், அதன்மேல் விரல் பருமன் சுள்ளிகள், உச்சியில் தீமூட்டி (சட்டென்று பற்றும் துண்டு). மேலே பற்றவையுங்கள். தீ மெல்லக் கீழிறங்கும். கீழே உள்ள கட்டையிலிருந்து எழும் புகை மேலுள்ள சுடரைத் தாண்டித்தான் போக வேண்டும், அதனால் அங்கேயே எரிந்துவிடும். தொடக்கப் புகை வெகுவாகக் குறையும். புகைபோக்கியும் சீக்கிரம் சூடாகும்.

வெளிப்புறச் சுவரில் ஏறும் புகைபோக்கியாக இருந்தால், குளிர்ந்த காற்று அதற்குள் கனமாக அடைத்துக்கொண்டு புகையை அறைக்குள்ளேயே தள்ளும். அப்படி இருந்தால் முதலில் சுருட்டிய செய்தித்தாள் ஒன்றை அடுப்பின் மேல்வாயருகே எரித்துப் புகைபோக்கியைச் சூடாக்குங்கள். புகை மேலே இழுபடத் தொடங்கியதும் தீயை மூட்டலாம். அப்படியும் திரும்பினால் சமையலறைப் புகைவிசிறியோ குளியலறை விசிறியோ ஓடுகிறதா என்று பாருங்கள். இறுக்கமாகக் கட்டிய வீட்டில் அவை அடுப்பின் புகையையே உள்ளே இழுத்துவிடும். விசிறியை நிறுத்திவிட்டுப் பக்கத்து ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்தால் சரியாகிவிடும்.

பற்றவைக்கும்போது காற்றுத் திறப்பு முழுதாகத் திறந்திருக்கட்டும். பெரிய கட்டைகள் எல்லாப் பக்கமும் பற்றிக் கருகிய பிறகே மெதுவாக, இரண்டு மூன்று கட்டமாகக் குறையுங்கள். சுடர் சோம்பலாக ஆட வேண்டும், அணையக் கூடாது. குறைத்ததும் சுடர் மறைந்து புகை மட்டும் சுழன்றால் மீண்டும் திறங்கள். அடுப்பிலிருந்து மேலேறும் புகைக்குழாயில் ஒட்டும் காந்தத் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் வேலை எளிது. ஒற்றைச் சுவர்க் குழாயில் அடுப்புக்கு மேல் 45 சென்டிமீட்டர் அளவில் ஒட்டுங்கள். ஏறக்குறைய 115 முதல் 245 டிகிரி வரை நல்ல எல்லை. அதற்குக் கீழே தார் படியும், மேலே போனால் அடுப்புக்கும் குழாய்க்கும் கேடு. இரட்டைச் சுவர்க் குழாயின் வெளிப்பக்கத்தில் ஒட்டினால் அந்த அளவு எதையும் காட்டாது, அதற்கு உள்ளே நுழையும் வகை வேண்டும்.

இன்னொரு சோதனை செலவில்லாதது. பற்றவைத்து இருபது நிமிடம் கழித்து வெளியே போய்ப் புகைபோக்கியின் உச்சியைப் பாருங்கள். வெப்பத்தில் காற்று நெளிவது மட்டும் தெரிந்தால் நல்லது. நீலமோ சாம்பல் நிறமோ ஆன புகை தொடர்ந்து வந்தால் விறகு ஈரம், அல்லது காற்றுப் போதவில்லை.

எவ்வளவு போடுவது

நன்றாகக் காய்ந்த ஒரு கிலோ விறகில் ஏறக்குறைய 4 யூனிட் ஆற்றல் இருக்கிறது. நல்ல அடுப்பு அதில் 3 யூனிட்டை அறைக்குத் தரும். மணிக்கு இரண்டு கிலோ எரித்தால் 6 கிலோவாட். அதாவது 2 கிலோவாட் மின் ஹீட்டர் மூன்றை ஒரே மூலையில் ஓட்டுவதற்குச் சமம். இந்தக் கணக்கு தெரிந்தால், ஏன் நடுத்தர அறை ஒரு மணி நேரத்தில் தகிக்கிறது என்பது புரிந்துவிடும்.

புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, குளிர் உறைத்ததும் அடுப்பை நிறைப்பது. எஃகு அல்லது வார்ப்பிரும்பு அடுப்பு அரை மணிக்குள் முழுச் சூட்டைத் தந்துவிடும். சோப்புக்கல் (மாக்கல்) சுற்றிய அடுப்பும் செங்கல் கணப்பும் மணிக்கணக்கில் உறிஞ்சிவைத்து, மணிக்கணக்கில் விடும். உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொண்டு, அந்த அளவு முன்கூட்டியே போட வேண்டும். இரும்படுப்பில் இரண்டு மூன்று கட்டைகள் போட்டு, நன்றாக எரியவிட்டு, தணல் மட்டும் மிஞ்சும்போது அடுத்ததைப் போடுங்கள். ஒற்றைக் கட்டையைப் போட்டால் பெரும்பாலும் அது தனியாகக் கருகி அணையும். கட்டைகள் ஒன்றையொன்று சூடாக்க இரண்டாவது வேண்டும்.

வெளியே 10, 12 டிகிரி இருக்கும் இலையுதிர் நாட்களில்தான் அடுப்பை அடக்கத் தோன்றும். அப்போது காலையில் ஒரு சின்னத் தீ, மெல்லிய பிளவுகளால், காற்றை நன்றாகத் திறந்து. முக்கால் மணி எரிந்து அணையட்டும். சூடு சுவர்களில் கொஞ்ச நேரம் இருக்கும். மாலையில் மறுபடி ஒன்று.

யாருக்கு எவ்வளவு சூடு

இதுதான் நான் அதிகம் பேச விரும்பும் பகுதி, ஏனென்றால் அடுப்பை இயக்குவதை ஒரு மாதத்தில் கற்றுவிடலாம், வீட்டிலுள்ளவர்களைச் சமாதானப்படுத்துவது அதைவிடக் கடினம்.

ஒருவர் "குளிர்கிறது" என்றும் இன்னொருவர் "வேகிறது" என்றும் சொன்னால் இருவரும் உண்மையே சொல்கிறார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே ஃபாங்கர் 1970-இல் வெளியிட்ட ஆய்வில், உடம்புக்கு இதமாக இருப்பதை ஆறு விஷயங்கள் தீர்மானிப்பதாகக் காட்டினார். காற்றின் வெப்பம், சுற்றியுள்ள பரப்புகள் வீசும் வெப்பக்கதிர், காற்றின் ஓட்டம், ஈரப்பதம், உடுப்பு, உடம்பின் உழைப்பு. அவருடைய சமன்பாட்டின்படி எல்லாம் சரியாக அமைந்த அறையிலும் நூற்றுக்கு ஐந்து பேருக்குத் திருப்தி இராது. எல்லோருக்கும் பிடித்த ஒரு டிகிரியைத் தேடி மாதக்கணக்கில் வீட்டில் மனக்கசப்பு வளர்ப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

விறகடுப்பு வீட்டில் இந்த ஆறில் இரண்டாவதற்குத்தான் அதிக பலம். அடுப்பின் உடலும் கண்ணாடியும் வெப்பக்கதிரை நேராக உங்கள் மேல் வீசுகின்றன. உடம்பு உணர்வது ஏறக்குறைய காற்று வெப்பத்துக்கும் சுற்றுப் பரப்புகளின் சராசரி வெப்பத்துக்கும் நடுவில் உள்ள ஒரு அளவு. காற்று 19 டிகிரியாகவும், அடுப்பையும் சேர்த்துச் சுற்றுப்புறம் சராசரியாக 27 ஆகவும் இருந்தால் உங்களுக்கு 23 போல இருக்கும். அதே அறையில் காற்று 22 என்று சுவர் மீட்டர் காட்டினாலும், பெரிய குளிர்ந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு 19 போலத்தான் இருக்கும். தூரம் இன்னும் முக்கியம். அடுப்பிலிருந்து இருமடங்கு தள்ளிப் போனால் நேராக வரும் கதிர் ஏறக்குறைய கால் பங்காகிவிடும்.

எனவே வாக்குவாதத்துக்கு முன் நாற்காலியை மாற்றுங்கள். குளிர் தாங்காதவருக்கு அடுப்பைப் பார்த்த இருக்கை, முதுகுக்குப் பின்னால் உள்சுவர். சூடு தாங்காதவருக்கு அறையின் அடுத்த கோடி, இடையில் ஒரு அலமாரியோ பெரிய சோபாவின் முதுகோ மறைத்தால் இன்னும் நல்லது. எங்கள் வீட்டில் அம்மாவின் இருக்கையை ஜன்னலோரத்திலிருந்து அடுப்புக்கு இரண்டு மீட்டர் தூரத்துக்குக் கொண்டுவந்து, காலடியில் கனமான விரிப்பைப் போட்டோம். அன்றிலிருந்து அறையின் காற்று 20 டிகிரியிலேயே நிற்கிறது, இருவரும் ஒரே அறையில் உட்காருகிறார்கள். துணி உறை போட்ட எந்த இருக்கையையும் அடுப்புக்கு ஒரு மீட்டருக்குள் கொண்டுபோக வேண்டாம்.

உழைப்பும் உடுப்பும் அடுத்தவை. சும்மா உட்கார்ந்து படிக்கிறவர் உடம்பு 100 வாட் அளவில் சூட்டை வெளிவிடும். வீடு கூட்டித் துடைக்கிறவருக்கு அது இரு மடங்கு. விறகு சுமந்துவந்து போட்டவருக்கு வேர்ப்பதும், அதே நேரம் கணினி முன் இருப்பவருக்குக் குளிர்வதும் இதனால்தான். போட்டவர் உடனே காற்றைக் குறைக்காமல் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு முடிவு செய்யட்டும். கனமான ஸ்வெட்டர் ஒன்று உட்கார்ந்திருப்பவருக்கு ஏறக்குறைய 2 டிகிரிக்குச் சமம். அப்புறம் காலுறை. விறகடுப்பு வீட்டில் சூடு கூரையடியில் கிடக்கும், தரை கடைசியாகத்தான் சூடாகும்.

ஆனால் ஸ்வெட்டர் போடச் சொல்வதற்கும் ஒரு எல்லை உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வீட்டுநல வழிகாட்டுதலில், குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரியாவது இருப்பது பாதுகாப்பு என்கிறது. வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அதைவிடக் கூடுதலாக வேண்டியிருக்கலாம். வயதானவர்கள் பலருக்குத் தாங்கள் குளிர்ந்துபோவதே தாமதமாகத்தான் தெரியும், அதனால் அவர்கள் கேட்கும் முன்பே கையைத் தொட்டுப் பாருங்கள். கைக்குழந்தைக்கு மிகுந்த சூடும் ஆபத்து. தொட்டிலை அடுப்பு அறையில் வைக்காதீர்கள். இந்த இரண்டு பேர் விஷயத்தில் வீட்டிலுள்ள மற்றவர்கள் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

பேச்சு எண்ணில் நடக்கட்டும். மூன்று சாதாரணத் தெர்மாமீட்டர்கள் வாங்கி, அடுப்பு அறை, தூரத்துப் படுக்கையறை, நடை மூன்றிலும் மாட்டுங்கள். அடுப்பின் கதிர் நேராகப் படாத இடமாக, உட்கார்ந்தவர் தலை உயரத்தில். "இந்த வீடு எப்போதும் குளிர்தான்" என்ற பேச்சு "நடை 15 இருக்கிறது, கதவைத் திறப்போமா" என்று மாறும்.

தூரத்து அறைக்குச் சூடு

அடுப்பறைச் சூட்டை விசிறியால் தூரத்து அறைக்கு ஊதத் தோன்றும். அதைவிட எதிர்த்திசை நன்றாக வேலை செய்கிறது. குளிர்ந்த அறையின் வாசலில், தரையில் ஒரு சின்ன மேசை விசிறியை வைத்து, குறைந்த வேகத்தில் அடுப்பை நோக்கி ஊதவிடுங்கள். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, தரையோடு நகரும். அது போன இடத்தை நிரப்பச் சூடான காற்று கதவின் மேற்பாதி வழியாகத் தானே வரும். கதவின் மேல் மூலையில் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட்டால் அது ஆடும் திசையில் தெரிந்துவிடும்.

படுக்கையறையைச் சூடாக்க ரொம்ப மெனக்கெட வேண்டாம். தூங்க 18, 19 டிகிரி பலருக்கு இதமாக இருக்கும். சூடு பிடிக்காதவர் கதவை மூடிக்கொள்ளட்டும், மற்றவர் தூங்கப்போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு திறந்துவைக்கட்டும்.

சூடு மிஞ்சிவிட்டால் காற்றுத் திறப்பைத் தொடாமல், அடுப்பிலிருந்து தள்ளி உள்ள ஜன்னலைத் திறந்துவிடுங்கள். விறகு வீண்தான், ஆனால் தார் படிவதைவிட அது மேல். அடுத்த முறை ஒரு கட்டை குறைவாகப் போடுங்கள். ஒவ்வொரு நாளும் ஜன்னல் திறக்க வேண்டியிருந்தால் அந்த அறைக்கு அடுப்பு பெரிது. அதைச் சின்னதாக மாற்றுவதுதான் வழி.

தொண்டை வறட்சிக்கு அடுப்பைக் குறை சொல்வார்கள். வெளியே 0 டிகிரியில் முழு ஈரத்தோடு இருக்கும் காற்றை உள்ளே கொண்டுவந்து 22 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 23 சதவீதமாகிவிடும். எந்த ஹீட்டரானாலும் இதேதான். அடுப்பின் மேல் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் வறட்சி ஓரளவு குறையும். அறையை இரண்டு டிகிரி குறைத்து வைப்பதும் உதவும்.

இரவிலும் ஆபத்திலும்

இரவு முழுக்கத் தீ நிற்க வேண்டும் என்று அடுப்பை நிறைத்து மூடிவிட்டுத் தூங்கப் போவது, நான் மேலே சொன்ன அதே தவறு. தூங்கும் முன் கடினமரம் சில போட்டு, அவை சுடர்விட்டுப் பிடித்த பிறகே அளவாகக் குறைத்துவிட்டுப் போங்கள். காலையில் சாம்பலுக்குள் தணல் இருந்தால் சரி, இல்லையென்றால் மறுபடி மூட்டுங்கள்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் ஒரு இரவும் இருக்காதீர்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அடுப்பு அறையில் ஒன்று, படுக்கையறைப் பக்கம் ஒன்று, கூடவே புகை அலாரமும். தலைவலியோ குமட்டலோ வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் வந்தால் முதலில் எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். புகைபோக்கியை ஆண்டுக்கு ஒரு முறையாவது தேர்ந்தவர் பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். புகைபோக்கிக்குள் ரயில் ஓடுவது போன்ற இரைச்சல் கேட்டால் அது தீப்பிடித்திருக்கிறது. காற்றுத் திறப்பைக் காற்றே புகாதபடி மூடி, வீட்டைக் காலி செய்து தீயணைப்பை அழையுங்கள். காற்றை முழுதாக மூடச் சொல்லும் ஒரே தருணம் அதுதான்.

சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, வீட்டுக்கு வெளியே, மரத்தளம் அல்லாத இடத்தில் வையுங்கள். மேலே ஆறியதாகத் தெரியும் சாம்பலுக்குள் கங்கு நாட்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுப்பின் அடியில் இரண்டு சென்டிமீட்டர் சாம்பலை விட்டுவைத்தால் அடுத்த தீ எளிதில் பிடிக்கும்.

முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே எத்தனை டிகிரி, எந்த மரம், எத்தனை கட்டை, எத்தனை மணிக்கு, மூன்று அறைகளும் எவ்வளவு காட்டின, யாருக்குக் குளிர்ந்தது என்று எழுதுங்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று வையுங்கள். எங்கள் நோட்டில் அம்மாவின் கையெழுத்தில் உள்ள ஒரு வரியை வைத்துத்தான் இன்றும் நாங்கள் மாலைத் தீயை மூட்டுகிறோம்: "வெளியே 2 டிகிரி, மூன்று கட்டை, ஐந்தரைக்கு. போதும்."